ஓட்டமும் செவியும்

சுபுஹுத் தொழுது திரும்புகையில், அறந்தாங்கிச் சாலையோரம் காதில் ஒலிக்கருவி பொருத்தி ஓடிவந்தார் என் பழைய மாணவர். கேட்பது யாதென வினவினேன். 1973-இல் வெளிவந்த, பிங்க் ஃபிளாய்ட் குழுவினரின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ என்றார். “முழு இசைத்தட்டும் 43 நிமிடம், என் ஓட்டமும் அவ்வளவே, ஹஜ்ரத்.”

வீட்டில் அமர்ந்து முழுதும் கேட்டேன். இரைச்சல் மிகுதிதான். எனினும், இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே அது அடங்குகிறது. இடையில் ‘ஆன் தி ரன்’ என்றொரு பகுதி: பாட்டில்லை, விரையும் காலடியும் மூச்சிரைப்பும் மின்னிசைச் சுழலுமே. பயண அச்சத்தைச் சொல்ல எழுந்தது அது. உடனே கடிகாரங்கள் ஒருங்கே அலறுகின்றன. காலம் கழிந்ததை உணராதவனைப் பற்றிய பாடல் தொடர்கிறது. முதற்பக்க முடிவில் சொல்லின்றி அரற்றும் பெண்குரலை, ஒப்பாரி கேட்டு வளர்ந்த நம்மவர் எவரும் அறிந்துகொள்வர். ஓடுபவரை ஊக்க வந்த இசையா இது? ஓட்டத்தையே விசாரிக்கும் இசையன்றோ!

அரபியில் ‘ஸமாஉ’ செவியில் விழுதல். ‘இஸ்திமாஉ’ கருத்தூன்றிக் கேட்டல். இந்த இசைத்தட்டு பின்னதையே வேண்டி நிற்கிறது. மாணவரிடம் இதைச் சொன்னேன், சிரித்தார். மறுநாள், கடிகாரங்கள் அலறிய இடத்தில் தம்மையறியாமல் நின்றுவிட்டதாகக் கூறினார்.