எரிதலும் எரித்தலும்

"எரிதல்" என்னுஞ் சொல்லை நேர்ப்பொருளில் ஒரு வாக்கியத்திலும் உருவகப் பொருளில் இன்னொரு வாக்கியத்திலும் அமைத்துக் காட்டுமாறு கேட்பது நமது பாடசாலை மொழிப் பயிற்சிகளில் வழமையான ஒன்றாகும். "விறகு எரிகிறது" என்பது முன்னதற்கும் "வயிறு எரிகிறது" என்பது பின்னதற்கும் விடையாக அமையும், புள்ளிகளும் கிடைத்துவிடும். ஆனால், நாவலப்பிட்டியைச் சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒருவர் "அடுப்பு எரியவில்லை" என்று சொன்னால், அவ்வாக்கியத்தை இவ்விரண்டில் எதன்பாற் படுத்துவது? எரியாதிருப்பது உண்மையில் அடுப்புத்தான். லயத்துக் காம்பராவில் அது எரிந்தால், புகையே சுற்றத்தாருக்கு அறிவித்துவிடும். ஆயினும் சொல்லப்படும் செய்தி அடுப்பைப் பற்றியதன்று. அரிசி இல்லை என்பதே அது. இலக்கணகாரர் இதனைக் குறிப்புமொழி என்று கூறி அமைதி காணக்கூடும். எனினும் 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை வாட்டி, அங்கு மரணங்கள் பெருகிய வேளையில், இவ்வாக்கியத்தின் இரு பொருள்களுக்கும் இடையே ஒரு நூலிழை இடைவெளியும் இருந்திருக்க முடியாது. நேர்ப்பொருள் உண்மையாக இருந்தமையாலேயே குறிப்புப் பொருளும் வலிமை பெற்றது.

இதற்கு மறுதலையான ஓர் எடுத்துக்காட்டையும் அதே ஊரிற் காணலாம். பேராதனையிலிருந்து இருப்புப்பாதை 1874இல் நாவலப்பிட்டியை அடைந்தது. அங்கிருந்து செங்குத்தான மலையேறி 1885இல் நானுஓயாவுக்குச் சென்றது. அவ்வேற்றத்தில் வண்டியை இழுத்தது இயந்திர உலையில் எரிந்த தீயே. பேச்சு வழக்கிற் "கரிக்கோச்சி" என்றும், எழுத்து வழக்கிற் "புகையிரதம்" என்றும் நாம் இட்ட பெயர்கள் அன்று கண்ணாற் கண்டவற்றையே சுட்டின. டீசல் இயந்திரம் வந்து உலை அணைந்த பின்னரும் புகையிரதம் புகையிரதமாகவே இருக்கின்றது. இதனால் எவருக்கும் தீங்கில்லை. பிரயாணிக்கு வேண்டியது வண்டியேயன்றிப் புகையன்று. ஆனால், உலை அணைந்த பின்னும் புகையை மட்டும் வைத்திருப்பது கவிதைக்கு ஆகாது.

நமது அறுபதுகளினதும் எழுபதுகளினதும் கவியரங்குகளை நோக்குமிடத்து இதுவே பெருங்குறையாகத் தென்படுகின்றது. புரட்சித் தீ, உரிமைத் தீ, அறிவுத் தீ, இன்னும் என்னென்னவோ தீக்கள். இவற்றைப் பாடியோரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. அவர்களுட் பலர் பாடியதற்கு மேலாகவே உழைத்தவர்கள். ஆயினும் அத்தீயை மூட்டியவர் யார், அதற்கு விறகானது எது, எரிந்தபின் எஞ்சியது என்ன என்ற மூன்று வினாக்களுக்கும் அப்பாடல்களில் விடை கிடைப்பது அரிது. தொல்காப்பியர் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு நிலைக்களன்களை வகுத்தார். கவியரங்குத் தீயில் இவற்றுள் உரு ஒன்றே, அதாவது செந்நிறம் ஒன்றே, எஞ்சியிருந்தது. சுடுதலாகிய வினையும் சமைத்தல், அழித்தல் ஆகிய பயன்களும் கைவிடப்பட்டன. செங்கொடிக்குச் செந்தீ மோனையாக வாய்த்ததும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

129ஆம் குறளில் வள்ளுவர் இவ்வாறு செய்யவில்லை. தீச்சுட்டதையும் நாச்சுட்டதையும் அருகருகே நிறுத்தி, ஒன்றைப் புண் என்றும் மற்றதை வடு என்றும் பிரிக்கிறார். தீப்பட்ட உடலை அறிந்தவனுக்கே அவ்வேறுபாடு புலப்படும். பாரதியின் அக்கினிக் குஞ்சும் அத்தகையதே. மரப்பொந்தில் வைக்கப்பட்ட சிறு நெருப்பு. வெந்து தணிந்த காடு. அது விடுதலையா, ஞானமா, கவிதையேதானா என்று பாரதி சொல்லவில்லை. வைத்தவன், வைத்த இடம், எரிந்த பொருள் என யாவும் நேர்ப்பொருளில் நிறைவுற்றிருப்பதால் வாசகன் தானாகவே அப்பால் நடக்கிறான். எஸ். பொன்னுத்துரையின் "தீ" என்னும் நாவல் 1961இல் வெளிவந்தபோது எழுந்த கண்டனங்கள் அதன் பாலியற் பொருளையே குறிவைத்தன. தலைப்புச் சொல்லை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. மூட்டியவனையே விறகாகக் கொள்ளும் தீ அது என்ற அளவில், நமது மூன்று வினாக்களுக்கும் அந்நாவல் விடை தருகிறது என்பேன்.

இவ்வளவும் இரசனை பற்றிய விடயமாகவே நின்றிருக்கும், 1981 வராதிருந்தால். அவ்வாண்டு மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. 1983 யூலை 26ஆந் திகதி கண்டியிற் காசில் வீதியிலும் கொழும்பு வீதியிலும் தமிழர் கடைகளுக்குத் தீ வைத்த கும்பல் அங்கிருந்து, நாவலப்பிட்டிக்கு அயலூரான கம்பளைக்குச் சென்றது. பெற்றோல் கலன்களும் தீப்பெட்டிகளும் அவர்கள் கைகளில் இருந்தன. ஆனால் நாம் எழுதிய வாக்கியங்கள் எவை? "நூலகம் தீக்கிரையானது." "வன்செயல் தீ மலையகத்துக்கும் பரவியது." முதலாவது வாக்கியம் தீயை இரை தேடும் விலங்காக்குகின்றது, இரண்டாவது காற்றின் துணையோடு தானே நடக்கும் ஒன்றாக ஆக்குகின்றது. இரண்டுமே உருவகங்கள். இரண்டிலும் எழுவாயாக மனிதன் இல்லை. "எரிந்தது" என்னுந் தன்வினை, "எரித்தனர்" என்னும் பிறவினையின் இடத்திற் சென்று அமர்ந்துகொண்டது. தணிக்கையும் அச்சமும் இதற்குக் காரணங்களாக இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அச்சம் நீங்கிய பின்னரும், நினைவுமலர்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் இவ்வழக்கு நீடிப்பதற்கு, கவியரங்குகள் பழக்கிவிட்ட கையும் ஒரு காரணமே. எழுபதுகளின் உரிமைத் தீயை மூட்டியவர் எவரும் இல்லாதது போலவே, எண்பத்து மூன்றின் தீயை மூட்டியவரும் வாக்கியத்தில் இல்லாது போயினர்.

பின்னர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய எம். ஏ. நுஃமான், நூலக எரிப்பை அடுத்து எழுதிய "புத்தரின் படுகொலை" இவ்விடத்தில் வேறுபட்டு நிற்கின்றது. அக்கவிதையில் உருவகம் புத்தர், தீ உருவகமன்று. சிவிலுடை அணிந்த பொலிசார் நூலகப் படிகளிற் புத்தரைச் சுட்டுக் கொல்கின்றனர். உடலை மறைக்க வேண்டி நூல்களை அதன்மேற் குவித்து, சிகாலோவாத சூத்திரத்தைக் கொண்டு தீ மூட்டுகின்றனர். தம்மபதமும் சாம்பலாகிறது. மூட்டியவர் யார், விறகு எது, எஞ்சியது என்ன என்ற மூன்றும் ஒருங்கே உள்ளன. கற்பனையின் உச்சத்தில் நிற்கும் இக்கவிதை, அன்றைய செய்தி வாக்கியங்கள் பலவற்றிலும் பார்க்க நேர்ப்பொருளுக்கு உண்மையாக இருப்பது நமது மொழிப் பயிற்சிகளை அமைப்போர் எண்ணிப் பார்க்கத்தக்கது. "நூலகம் தீக்கிரையானது" என்று ஒரு மாணவன் எழுதித் தந்தால், அதனை நேர்ப்பொருள் என்று ஏற்றுப் புள்ளியிடும் ஆசிரியர்களே நம்மிடையே அதிகம்.