சங்கிலிக்காக யார் அழுதார்கள்?

தமிழ் சினிமாவில் 'பைத்தியம்' உட்கார இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று காமெடி டிராக். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்றாலே கொட்டகை சிரித்துவிடும். 1794இல் தோன்றிய ஒரு மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயர் வசைச்சொல்லாகிப் போனதில் நமது வசனகர்த்தாக்களின் பங்கு சாதாரணமானதல்ல. இன்னொன்று பயங்கரம். 2005இல் வந்த 'சந்திரமுகி', 'அந்நியன்' இரண்டிலும் நோய் என்பது உடம்புக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு ஆள். கொல்லக் காத்திருக்கும் ஆள். இவற்றைக் கண்டிப்பதில் யாருக்கும் சிரமமில்லை. சினிமாவைக் கொண்டு மனநோய் குறித்த இழிவைப் போக்கலாம் என்பவர்கள் மாற்றாகக் கேட்பது மூன்றாவது இடம்: 'பரிவோடு காட்டுங்கள்'. சரி, பரிவு காட்டினால் இழிவு போய்விடுமா?

பாலாவின் 'சேது' (1999) பரிவோடு எடுக்கப்பட்ட படம்தான். தலையில் அடிபட்டு மூளை கலங்கிய சேதுவைப் பாண்டி மடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். மொட்டைத்தலை, கால் விலங்கு எதையும் படம் மறைக்கவில்லை. ஜனங்கள் பார்த்தார்கள், அழுதார்கள். தேசிய விருதும் வந்தது. இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். 'இப்படியுமா கட்டிப்போடுவாங்க?' என்று அதிர்ந்துபோய்க் கேட்டோம். ஏன், திரையில்தான் பார்த்தோமே!

ஒரு படம் தீயைத் தடுத்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கண்ணால் கண்டது ஏன் மனதில் பதியவில்லை என்பதே கேள்வி.

'சேது'வின் கதையாடலைக் கவனியுங்கள். அங்கே சங்கிலி ஒரு நிறுவனத்தின் வன்முறையாக அர்த்தம் பெறுவதில்லை. காதல் பட்ட பாட்டின் குறியீடாகிவிடுகிறது. நாம் அழுவது காதலுக்காக. அதே மடத்தில் சேதுவைச் சுற்றிக் கிடப்பவர்களுக்குக் காதலும் இல்லை, முன்கதையும் இல்லை. அவர்கள் பின்னணி. 'இவன் மத்தவங்க மாதிரி இல்ல, பாவம்' என்று ஒருவனைப் பிரித்தெடுத்து உருகும்போதே, 'மத்தவங்க' சங்கிலியோடு கிடப்பதற்கு நாம் சம்மதம் கொடுத்துவிடுகிறோம்.

இந்தச் சம்மதத்தைக் குலைக்கக்கூடிய ஒரு கணம் படத்திலேயே இருக்கிறது. சேதுவுக்குப் புத்தி தெளிந்துவிடுகிறது. பார்க்க வந்த அபிதாவோ, அவன் தூங்குவதைப் பார்த்து, இனித் தேறமாட்டான் என்று திரும்பிவிடுகிறாள். இழிவு என்பது இதுதான்: ஒருவனைப் பற்றிய முடிவை அவனைக் கேட்காமலேயே எடுத்துவிடுவது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் சற்றுக் குரலை உயர்த்தினால் போதும், 'மாத்திரை போட்டியா?' என்று கேட்கப்படும். அவருடைய கோபம், துக்கம், ஆசை எல்லாமே நோய்க்குறிகளாக வாசிக்கப்படும். பைத்தியத்தோடு பேசுவதை நிறுத்திக்கொண்ட அறிவு, பைத்தியத்தைப் பற்றி மட்டும் பேசத் தொடங்கிய வரலாற்றைத்தான் ஃபூக்கோ 1961இல் எழுதினார்.

படம் அந்தக் கணத்தில் நிற்கவில்லை. அபிதா செத்துப்போகிறாள், தெளிந்த சேது மடத்துக்காரர்களோடு தானாகவே திரும்பிப் போகிறான். அது காதலின் மகத்துவமாகிறது. பைத்தியத்துக்கு இடம் மடம்தான் என்பதும் கூடவே, யாரும் கேள்வி கேட்காமல், உறுதியாகிவிடுகிறது.

இழிவைக் குறைக்கும் முயற்சிகளைப் பற்றிய ஆய்வுகளை பாட்ரிக் காரிகன் முதலானோர் 2012இல் தொகுத்துப் பார்த்தார்கள். பெரியவர்களிடம் அறிவுரையைவிட, நோயை அனுபவித்தவரைச் சந்திப்பதே அதிகம் பலித்தது. அந்தச் சந்திப்பும் காணொளியில் நடப்பதைவிட நேரில் நடந்தபோது வலுவாக இருந்தது. திரையிடல் நடத்தும் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். படம் முடிந்ததும் டாக்டரை மேடையேற்றுகிறோம். டாக்டர் பேசட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. சிகிச்சை எடுத்தவர், கட்டிக் கிடந்தவர், அவருக்கு விருப்பமிருந்தால், முதலில் பேசட்டும். 'சேது'வையே போடலாம். 'இந்தப் படம் பொய் சொல்லுது' என்று அவர் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நமக்குப் பிடித்த சோகக்கதையை அவர் சொல்லியாக வேண்டும் என்பதில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. சட்டம் சங்கிலியை அவிழ்க்கச் சொல்லும். அவிழ்ந்து வந்தவரின் பேச்சை நம்பும்படி அது யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த வேலை நம்முடையது.