பம்பியும் முகமற்ற நாய்களும்

1942 இல் வோல்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'பம்பி' சித்திரப்படத்தில் தாய்மான் சாவதை நாம் காண்பதில்லை. வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. பனியில் குட்டி தாயைத் தேடி அலைகிறது. 80 ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகள் இவ்விடத்தில் அழுகிறார்கள், பெரியவர்களும்தான். இந்தக் கண்ணீர் பொய்யென்று சொல்ல வரவில்லை. அது யாருக்காக வடிகிறது, யாருக்காக வடியாமற் போகிறது என்பதே எமது கேள்வி.

பெரிய தலை, உருண்ட கன்னம், முகத்தை நிறைக்கும் கண்கள்: குழந்தைக்குரிய இவ்வடையாளங்கள் எந்த உயிரில் தென்பட்டாலும் அதைப் பேணவே மனிதருக்குத் தோன்றும் என 1943 இல் எழுதினார் விலங்கியலாளர் கொன்ராட் லோரென்ஸ். டிஸ்னியின் மான்குட்டி இதற்கு அச்சொட்டான உதாரணம். பாம்புக்கும் வௌவாலுக்கும் கிடைக்காத இரக்கம் மானுக்கும் பண்டாவுக்கும் கிடைப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் முழுக்காரணமல்ல. அதற்கான சான்றும் இதே படத்தில் உண்டு.

பிற்பகுதியில் வேட்டைநாய்கள் வருகின்றன. ஐரோப்பியரும் அமெரிக்கரும் வீட்டுப் பிள்ளைபோல வளர்க்கும் அதே நாய்கள்தான். இங்கோ அவற்றுக்குப் பெயரில்லை, பேச்சில்லை. பல்லும் உறுமலும் மட்டுமே. பம்பி அவற்றை முட்டி வீழ்த்தும்போது எந்தப் பிள்ளையும் அழுவதில்லை. ஆக, இரக்கத்துக்குரியவர் யார் என்பதைப் பிராணியின் இனம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கதை சொல்பவர் யாருக்கு முகமும் பேச்சும் கொடுத்தார் என்பதும் தீர்மானிக்கிறது.

இப்படத்தின் மூலநாவல் 1923 இல் நூலாக வந்தது. எழுதியவர் பீலிக்ஸ் ஸால்டன். ஒஸ்திரிய யூதர், தாமே வேட்டையாடியவர். 1938 இல் நாஜிகள் ஒஸ்திரியாவை விழுங்கிய பின்னர் சுவிசுக்கு அகதியாகச் சென்று, 1945 இல் சூரிச்சில் இறந்தார். படத்தின் காட்டில் ஆந்தையும் முயலும் நண்பர்கள். நாவலின் காட்டிலோ விலங்கை விலங்கு கொல்கிறது. அங்கே ஒரு காட்சி: காயம்பட்ட நரியை வேட்டைநாய் துரத்திப் பிடிக்கிறது. நாம் உறவினரல்லவா, நிம்மதியாகச் சாக விடு என்று நரி மன்றாடுகிறது. நாய் மறுக்கிறது. 'துரோகி' என்கிறது நரி. மரங்களிலிருந்த ஏனைய உயிர்களும் சேர்ந்து கத்துகின்றன. நாயும் தன் பக்க நியாயத்தைச் சொல்கிறது: மனிதன்மேல் தனக்குள்ள அன்பை, பசுவும் குதிரையும் அவனையே அண்டி வாழ்வதை. பிறகு நரியைக் கொல்கிறது.

நரி அப்பாவியல்ல, அதுவும் கொன்று தின்றதே. பாட்டி வடை சுட்ட கதையைக் கேட்ட நாள்முதல் நமக்கும் நரி ஏமாற்றுக்காரன்தான். ஆயினும் இங்கு வாசகர் அதற்காக வருந்துகிறார். கொல்லும் நாயின் வாதத்தையும் கேட்க நேர்கிறது. டிஸ்னியின் படத்தில் இக்காட்சிக்கு இடமில்லை.

நமது அறிக்கைகளில் 'அப்பாவிகள்' என்ற சொல் தவறாமல் வரும. கொல்லப்பட்டவருக்காக அழ வேண்டுமாயின் அவர் முதலில் அப்பாவியாக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை அச்சொல்லுக்குள் இருக்கிறது. 1980களில் துரோகி என்ற அட்டையுடன் மின்கம்பங்களில் கட்டப்பட்டுக் கிடந்தவர்களை நாம் பார்த்துவிட்டுக் கடந்து போனோம். அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அன்று கேட்டவர் மிகச் சிலர். மான்குட்டிக்காக நம் பிள்ளைகள் அழட்டும். நரியின் மன்றாட்டத்தையும் நாயின் வாதத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்.