அளவுகோலும் வாக்குச்சீட்டும்: எழுபதுகளின் சிறந்த இசைத்தொகுப்புகளைத் தெரிந்தெடுப்போர் குறித்து ஒரு திறனாய்வு

ஒரு பத்தாண்டு முடிந்தவுடன், அதில் வெளிவந்த இசைத்தொகுப்புகளுள் தமக்கு மிகவும் உகந்தவை எவை எனத் தெரிந்தெடுத்து வரிசைப்படுத்துதல் மேலைநாட்டு இசை ஆர்வலரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். குறிப்பாக, 1970 முதல் 1979 வரையுள்ள ஆண்டுகளின் இசையைக் குறித்து எழுந்த பட்டியல்கள் மிகப் பல. இறையியல் பயில்வோர்க்கும் அருட்பணியாற்றுவோர்க்கும் இதனால் ஆவதென்ன எனச் சிலர் வினவக்கூடும். பொழுதுபோக்காளரின் வீண் விளையாட்டு என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும், எதை நினைவில் வைப்பது, எதை விட்டுவிடுவது, அதனை முடிவு செய்பவர் யார் என்னும் வினாக்கள் இவ்வழக்கத்தின் அடியில் கிடக்கின்றன. இவ்வினாக்களோடு திருச்சபை தன் முதல் நான்கு நூற்றாண்டுகளிலும் போராடியது. இன்றும் போராடி வருகின்றது. ஆகவே, இப்பட்டியல்களின் நிறைகுறைகளை ஆராய்ந்து, அவற்றினின்று நாம் கற்கவேண்டியது யாது, அவற்றை மறுக்கவேண்டிய இடம் யாது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆல்பம் என்னும் அலகு

தொடக்க கால இசைத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழன்றது. அதன் ஒரு பக்கத்தில் சில நிமிட இசையே அடங்கும். பல தட்டுகளைப் புத்தகம் போன்ற உறையில் கோத்து விற்றனர். அவ்வுறைக்கே 'ஆல்பம்' என்னும் பெயர் முதலில் வழங்கியது. 1948ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுநேர இசைத்தட்டை அறிமுகம் செய்தது. பக்கத்திற்கு ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்கு மேல் இசை அடங்கிற்று. பல பாடல்களை ஒரு கருத்தின் கீழ் ஒழுங்குபடுத்தி, ஒரே படைப்பாகக் கேட்கச் செய்யும் வாய்ப்பு இதனால் பிறந்தது. 1967இல் பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜண்ட் பெப்பர்' வெளிவந்தபோது, அதன் உறையில் பாடல் வரிகள் முழுவதும் அச்சிடப்பட்டிருந்தன. இசைத்தட்டை நூலைப்போல் வாசித்து மதிப்பிடலாம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. எழுபதுகள் இவ்வெண்ணம் ஓங்கி நின்ற காலமாகும்.

தெரிந்தெடுக்கும் வழக்கமோ இதற்கு முற்பட்டது. பி.பி.சி. வானொலி 1942இல் தொடங்கிய நிகழ்ச்சி ஒன்றில், ஆளற்ற தீவில் ஒதுக்கப்பட்டதாகப் பாவிக்கப்படும் விருந்தினர் தம்மோடு கொண்டுசெல்லும் எட்டு இசைத்தட்டுகளைத் தெரிந்தெடுப்பர். விவிலியமும் சேக்ஸ்பியரின் படைப்புகளும் கேளாமலே அவருக்கு அளிக்கப்படும். நியமநூல் ஏற்கெனவே கையில் உண்டு, இசையைத் தாமே தேர்ந்துகொள்ளவேண்டும் என்னும் இவ்வமைப்பு நமது பொருளுக்கு ஏற்ற உருவகமாக உள்ளது. 1979இல் கிரீல் மார்க்கஸ் தொகுத்த 'ஸ்ட்ராண்டட்' என்னும் நூல் இதே பாவனையைப் பின்பற்றி, திறனாய்வாளர் ஒவ்வொருவரையும் ஒரே ஓர் ஆல்பத்தைக் குறித்து எழுதச் செய்தது. 1981இல் ராபர்ட் கிறிஸ்ட்காவ் எழுபதுகளின் ராக் ஆல்பங்களைத் தரப்படுத்தித் தனி நூல் வெளியிட்டார்.

2. பட்டியலின் நிறை

இவ்வழக்கத்தை முதலில் அதன் சிறப்பு நோக்கி ஏற்போம். தனக்கு உகந்த பத்து ஆல்பங்களைக் கூறுபவர் பொருள்களைத் தரம்பிரிப்பதோடு நின்றுவிடுவதில்லை. தம் வாழ்வின் எந்த ஆண்டில், எந்தத் துயரில், எந்தப் பாடல் தம்மைத் தாங்கிற்று என்பதையும் உடன் கூறுகின்றார். இது ஒருவகைச் சாட்சி. சாட்சி கூறுவோர் கேட்போரிடம் ஓர் அழைப்பையும் விடுக்கின்றனர்: நீங்களும் கேட்டுப்பாருங்கள் என்பதே அது. தாம் நேசித்ததைப் பிறரும் நேசிக்கவேண்டும் என்னும் விருப்பம் தன்னலமற்ற விருப்பமாகும்.

மேலும், தெரிந்தெடுத்தல் ஓர் ஒழுக்கத்தைக் கற்பிக்கின்றது. நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் எழுபதுகளில் தொடங்கிய ஆண்டு வாக்கெடுப்பில், ஒவ்வொரு திறனாய்வாளரும் 100 மதிப்பெண்களைப் பத்து ஆல்பங்களுக்குப் பகிர்ந்தளிக்கவேண்டியிருந்தது. எதற்கும் 30க்கு மேலும் 5க்குக் கீழும் அளித்தலாகாது என்பது விதியாயிருந்தது. எல்லாவற்றையும் சமமாகப் புகழ்வோர் எதனையும் கருத்தூன்றிக் கேட்டிலர் என்பது இவ்விதியின் உட்பொருள். அனைத்தையும் சோதித்தறியுமாறு தெசலோனிக்கேயர்க்குப் பவுல் கூறிய அறிவுரையின் எதிரொலியை இங்கே காணலாம்.

3. பட்டியலின் குறை

முதற்குறை பத்தாண்டு என்னும் எல்லையைச் சார்ந்தது. கிளாஷ் குழுவினரின் 'லண்டன் காலிங்' 1979 டிசம்பரில் இங்கிலாந்திலும் 1980 ஜனவரியில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. ரோலிங் ஸ்டோன் இதழ் எண்பதுகளின் சிறந்த ஆல்பங்களை 1989இல் வரிசைப்படுத்தியபோது இதற்கே முதலிடம் அளித்தது. ஆங்கிலேயரோ இதனை எழுபதுகளின் இறுதிப் படைப்பாகக் கொள்வர். ஆண்டுக்கணக்கின் கோடு இசையின் கோடன்று.

இரண்டாவது குறை பெரிது. ரோலிங் ஸ்டோன் இதழ் 2003இல் இசைக்கலைஞர், திறனாய்வாளர் முதலிய 270க்கும் மேற்பட்டோரிடம் வாக்குப் பெற்று, எக்காலத்திற்குமுரிய 500 ஆல்பங்களை வெளியிட்டது. முதல் பத்தில் எழுபதுகளைச் சார்ந்தவை மூன்று: மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971), ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' (1972), 'லண்டன் காலிங்' (1979). பெண்பாலார் எவருக்கும் முதல் பத்தில் இடமில்லை. கறுப்பினத்தவருள் மார்வின் கே ஒருவரே இருந்தார்.

2020இல் அவ்விதழ் 300க்கும் மேற்பட்ட புதிய வாக்காளரைத் திரட்டி மீண்டும் வாக்கெடுத்தது. இம்முறை முதல் பத்தில் எழுபதுகளைச் சார்ந்தவை ஐந்து. மார்வின் கேயின் ஆல்பம் அனைத்திற்கும் முதலாயிற்று; ஜோனி மிச்சலின் 'புளூ' (1971) முப்பதாம் இடத்தினின்று மூன்றாம் இடத்திற்கு உயர்ந்தது; ஸ்டீவி வொண்டர், ஃபிளீட்வுட் மேக், பாப் டிலன் ஆகியோரின் படைப்புகளும் சேர்ந்தன. 2003இல் முதலிடம் பெற்றிருந்த 'சார்ஜண்ட் பெப்பர்' 24ஆம் இடத்திற்கு இறங்கிற்று. பாடல்களில் ஓர் ஒலியும் மாறவில்லை, கேட்கப்பட்டோர் மாறினர். இடையில் 2017இல் அமெரிக்கப் பொது வானொலி பெண்கள் படைத்த 150 ஆல்பங்களைப் பெண்களைக் கொண்டே தெரிந்தெடுத்து வெளியிட்டதும், அதில் 'புளூ' முதலிடம் பெற்றதும் இம்மாற்றத்தோடு இணைத்து நோக்கத்தக்கவை.

மூன்றாவது குறை: ஆல்பம் என்னும் அலகிற்குள் அடங்காதவை கணக்கில் வருவதில்லை. எழுபதுகளின் டிஸ்கோ இசை, கறுப்பினத்தார், இலத்தீன் அமெரிக்க வழியினர், ஒருபாலீர்ப்பினர் ஆகியோர் கூடிய நடன அரங்குகளில் வளர்ந்தது. ஆடுவோர்க்கென நீட்டிக்கப்பட்ட தனிப்பாடல் தட்டுகளே அதன் உயிர். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் திடலில், இரு பந்தாட்டங்களுக்கு இடையே, மக்கள் கொண்டுவந்து குவித்த டிஸ்கோ தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கூட்டம் திடலுக்குள் புகுந்ததால் இரண்டாம் ஆட்டம் நடைபெறவில்லை. டிஸ்கோ அல்லாத கறுப்பினத்தாரின் தட்டுகளும் அக்குவியலில் கிடந்தன என்று அங்கிருந்தோர் பின்னர்க் கூறினர். இசைச்சுவை பற்றிய தீர்ப்பு, மக்கள் பற்றிய தீர்ப்பாக எவ்வளவு விரைவில் மாறக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 'எனக்கு உகந்தது' என்பதற்கும் 'இவர்கள் வேண்டா' என்பதற்கும் இடையேயுள்ள தூரம் மிகக் குறைவு.

4. பட்டியல் காட்டாத உறவு

'வாட்ஸ் கோயிங் ஆன்' தோன்றிய வரலாறு நாம் கருதத்தக்கது. மார்வின் கே பெந்தெகொஸ்தே மரபினரான ஒரு போதகரின் மகன். அவர் தம்பி வியட்நாம் போரினின்று திரும்பி, கண்டவற்றைக் கூறினார். ஃபோர் டாப்ஸ் குழுவின் ஓபி பென்சன், 1969இல் பெர்க்லியில் காவலர் இளைஞரைத் தாக்கியதைக் கண்டு தலைப்புப் பாடலின் கருவைத் தந்தார். அப்பாடலை வெளியிட மோட்டவுன் நிறுவனத் தலைவர் பெரி கார்டி தயங்கினார். வெளிவந்தபின் மக்கள் அதனை ஏற்றனர். போர், வறுமை, மாசடைந்த பூமி, கடவுளின் அன்பு ஆகியவை அதில் ஒரே மூச்சில் பாடப்படுகின்றன. தீர்க்கதரிசிகளின் புலம்பலை அறிந்தோர்க்கு இந்த இணைப்பு புதிதன்று.

அடுத்த ஆண்டு, 1972 ஜனவரி 13, 14 ஆகிய நாள்களில், லாஸ் ஏஞ்சல்ஸின் நியூ டெம்பிள் மிஷனரி பாப்திஸ்து ஆலயத்தில் அரீத்தா பிராங்க்ளின் பாடியவை 'அமேசிங் கிரேஸ்' என்னும் இரட்டைத் தட்டாக வெளிவந்தன. ஜேம்ஸ் கிளீவ்லண்ட் போதகரும் தென் கலிபோர்னியச் சமூகப் பாடகர் குழுவும் உடன் பாடினர். சபையாரின் 'ஆமென்' ஒலிகளும் அத்தட்டில் உள்ளன. அங்கே அவர் பாடியவற்றுள் மார்வின் கேயின் மேற்கூறிய ஆல்பத்திலுள்ள 'ஹோலி ஹோலி' என்னும் பாடலும் ஒன்று. ஆலயத்தில் வளர்ந்தவர் தெருவிற்காக இயற்றிய பாடலை, ஆலயத்தில் வளர்ந்த மற்றொருவர் திரும்ப ஆலயத்திற்கே கொண்டுவந்தார். ஆன்மப் பாடல்களையும் புளூஸ் இசையையும் ஒரே மக்களின் இரு குரல்களாக விளக்கும் ஜேம்ஸ் கோனின் நூலும் அதே 1972இல் வெளிவந்தது.

பட்டியலில் இவ்விரு தட்டுகளும் இரு வேறு எண்களைப் பெறும். ஒன்று மற்றொன்றைவிட உயர்ந்தது எனக் கூறப்படும். ஆனால் ஒன்று மற்றொன்றினுள் பாடப்பட்டது என்பதை எண் கூறாது. ஒரு சபை கூடிப் பாடியதும், பாடகியின் குரலைச் சபையின் மறுமொழி தூக்கி நிறுத்தியதும் தனி ஒருவரின் ஆல்பம் என்னும் கட்டத்திற்குள் அடைக்கப்படுகின்றன.

5. நியமநூலும் பட்டியலும்

'கானோன்' என்னும் கிரேக்கச் சொல் அளவுகோலைக் குறிக்கும். இசைத் திறனாய்வாளரும் இச்சொல்லையே தம் பட்டியலுக்கு வழங்குகின்றனர். ஒப்புமை இல்லாமல் இல்லை. முராத்தோரி ஏடு, பேதுருவின் வெளிப்பாட்டைச் சிலர் ஆலயத்தில் வாசிக்க விரும்பவில்லை எனக் குறிக்கின்றது. எசேபியு, ஏற்கப்பட்டவை, ஐயுறப்பட்டவை, போலியானவை எனப் பிரிக்கின்றார். அத்தனாசியு 367ஆம் ஆண்டுத் திருமடலில் 27 நூல்களைக் கூறுகின்றார். லூத்தர் 1522இல் எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் ஆகியவற்றை இறுதியில் எண்ணிடாமல் நிறுத்தினார். வழக்காடியே நம் முன்னோரும் முடிவுக்கு வந்தனர்.

எனினும் வேறுபாடுகள் மூன்று உண்டு. முதலாவது, நூல்கள் பெரும்பாலும் வழிபாட்டில் வாசிக்கப்பட்டு வந்த வழக்கினாலேயே நிலைபெற்றன. தனித்தனி வாக்குகளின் கூட்டுத்தொகை அவற்றை நிலைநிறுத்தவில்லை. இரண்டாவது, நியமநூல் தரவரிசை செய்வதில்லை. பிலேமோனுக்கு எழுதிய நிருபம் ரோமருக்கு எழுதியதினும் குறைந்த மதிப்பெண் பெற்று உள்ளே வரவில்லை. மூன்றாவது, திருச்சபை ஒன்றை வெல்லவிட்டு மற்றவற்றைத் தள்ளவில்லை. ஒரே நற்செய்தியைக் கொண்ட மார்க்கியோனின் குறுகிய தொகுதியை அது மறுத்தது. நான்கையும் ஒன்றாக்கிய தாத்தியானின் தொகுப்பு சீரிய சபைகளில் நெடுநாள் வழங்கியும், இறுதியில் நான்கு குரல்களே நிலைத்தன.

பட்டியலுக்கும் ஒரு நற்பண்பு உண்டு: அது மனந்திரும்பக்கூடியது. 2003இன் பட்டியலை 2020இன் பட்டியல் திருத்திற்று. நியமநூலை நாம் திருத்துவதில்லை. ஆனால் அதனை நாம் கையாளும் முறை அடிக்கடி திருத்தப்படவேண்டியது.

6. நமது பிரசங்கபீடத்தின் பட்டியல்

இங்கேதான் இவ்வாராய்ச்சி நம்மைத் தொடுகின்றது. எழுதப்படாத பட்டியல் ஒன்று ஒவ்வொரு ஆயரிடமும் உண்டு. மீண்டும் மீண்டும் பிரசங்கிக்கப்படும் பகுதிகள் சில. ஆண்டுக்கணக்காகத் தொடப்படாத பகுதிகள் பல. ஞாயிறுதோறும் பாடப்படும் பாடல்களும் அவ்வாறே. இசை ஆர்வலர் தம் பட்டியலை வெளியிட்டு அதற்குக் காரணம் கூறி வாதத்திற்கு உட்படுகின்றனர். நமது பட்டியலோ மறைவாயிருப்பதால் எவரும் வாதிடுவதில்லை. வேதபாட அட்டவணையை மூத்தோர் வகுத்தது இம்மறைவான ஆளுகைக்குத் தடையாகவே.

பாடலைப் பொறுத்தவரை, மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோப்பிலஸ் அப்பாவு (1940–2005) இவ்வினாவை நம் நடுவிலேயே எழுப்பினார். செவ்வியல் இசையில் அமைந்த கீர்த்தனையே தகுதியான திருச்சபைப் பாடல் என்னும் தீர்ப்பு யாருடைய தீர்ப்பு என்று கேட்டு, ஒடுக்கப்பட்ட மக்களின் நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்தார். கீர்த்தனைகளின் அருமை இதனால் குறைவதில்லை. 2003இல் வாக்குப் பெற்றோரும் தீய சுவையுடையோர் அல்லர். அவர்கள் போதாதவராயிருந்தனர், அவ்வளவே.

ஆகவே இறையியல் மாணவர்க்கு ஒன்று பரிந்துரைப்போம். ஒரு சபையில் ஓராண்டு பாடப்பட்ட பாடல்களையும் பிரசங்கிக்கப்பட்ட பகுதிகளையும் எழுதிக் கணக்கிடுக. அவற்றைத் தெரிந்தெடுத்தவர் யார் என்றும், பெண்கள், கூலியாட்கள், முதியோர், பிள்ளைகள் ஆகியோருள் எவர் கேட்கப்படவில்லை என்றும் குறித்துக்கொள்க. பின்பு அவர்களிடம் சென்று கேட்டு, அவர்கள் கூறும் பாடலை அடுத்த ஞாயிற்றில் பாடுக. பலவீனமாய்த் தோன்றும் உறுப்புகளைக் குறித்துக் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரம் கூறுவது, பாடல் தெரிந்தெடுக்கும் ஆயரின் மேசைக்கும் பொருந்தும். சபையின் பாடலுக்கு எண்கள் வேண்டா; பாடுவோர் அனைவரும் வேண்டும்.