கையும் காலும்

கதையையும் கவிதையையும் மொழிபெயர்ப்பதுதான் கலை. வைத்திய நூலைப் பெயர்ப்பது வெறும் குமாஸ்தா வேலை என்று எழுத்தாளர்களாகிய எங்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ரணசிகிச்சைக் குறிப்புகளைப் பல்கேரிய பாஷையிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்ப்பவர்களின் சங்கடங்களைக் கொஞ்சம் ஆராய்ந்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

லத்தீன், கிரேக்கச் சொற்கள் அவர்களை அவ்வளவாக வாட்டுவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை இரண்டு பாஷைக்கும் பொதுச் சொத்து. தொல்லையெல்லாம் குழந்தைகூட அறிந்த சொற்களில்தான். பல்கேரிய பாஷையில் 'ரக்கா' என்றால் நம்முடைய கை மாதிரிதான்: தோளிலிருந்து விரல் நுனி வரை எதுவும் ஆகலாம். 'க்ராக்' என்பது காலும் ஆகும், பாதமும் ஆகும். 'ப்ரஸ்த்' என்றால் விரல். கைவிரலா, கால்விரலா என்று அது சொல்லாது. ஆங்கிலமோ ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல் வைத்துக்கொண்டு, எது வேண்டும் என்று கேட்கிறது.

என் நாவலில் ஒருவன் காலில் அடிபட்டது என்றால், மொழிபெயர்ப்பாளர் எதைப் போட்டாலும் கதை மூழ்கிவிடாது. ஆபரேஷன் குறிப்பில் அப்படி விட முடியுமா?

ஒரே சாயலில் இருக்கும் சொற்கள் இன்னும் மோசம். பல்கேரிய 'அங்கீனா' தொண்டைச் சதை வீக்கம். ஆங்கில 'ஆஞ்சைனா' பொதுவாக இருதயத்துக்குப் போதிய ரத்தம் கிடைக்காததால் வரும் நெஞ்சுவலி. எழுத்தைப் பார்த்து அப்படியே இறக்கிவிட்டால், மயக்க மருந்து கொடுக்கப் போகும் டாக்டர் தொண்டைவலிக்காரனை இருதய நோயாளி என்று எண்ணித் திகைக்க வேண்டியதுதான்.

பல்கேரிய வினைச்சொல்லில் மற்றொரு நுட்பம் உண்டு. கண்டதற்கு ஓர் உருவம், கேட்டதற்கு ஓர் உருவம். நாம் 'விழுந்தான்', 'விழுந்தானாம்' என்பதைப் போல. ஆங்கில வினைக்கு அந்த 'ஆம்' கிடையாது. தனியாக ஒரு சொல் சேர்க்காவிட்டால், உறவினர் சொன்ன செய்தி டாக்டரே கண்ட சாட்சியாகிவிடும்.

மொழிபெயர்ப்பு சரளமாக இருக்கிறது என்று பாராட்டுவது நம் விமரிசகர்களின் வழக்கம். சந்தேகம் வந்த இடத்தை அழகான வாக்கியத்தால் மூடிவிட்டாலும் நடை சரளமாகத்தான் இருக்கும். ரணசிகிச்சைக் குறிப்பைப் பெயர்ப்பவர் அப்படி மூடக் கூடாது. 'இது எந்த விரல்?' என்று ஓரத்தில் எழுதி, டாக்டரையே கேட்க வேண்டும். நாவல்களைப் பெயர்ப்பவர்களும் இப்படி ஓரத்தில் நாலு கேள்வி எழுதி அனுப்பினால், மூல ஆசிரியன் என்ற முறையில் நான் சந்தோஷப்படுவேன்.