வஹீதா ரஹ்மான்: கலையும் கண்ணியமும்

கோவளத்துத் தர்காவுக்கு ஜியாரத் செல்லும் நம் குடும்பங்கள் அப்படியே மாமல்லபுரம் சென்று, கடற்கரையையும் கற்சிற்பங்களையும் கண்டு, செங்கற்பட்டு வழியாக ஊர் திரும்புவதுண்டு. அந்தச் செங்கற்பட்டில்தான் 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் வஹீதா ரஹ்மான் பிறந்தார் என்பதை அவ்வழியே செல்வோரில் எத்தனை பேர் அறிவர்? ஹைதராபாத்தில் பிறந்தவர் என்றே நெடுங்காலம் பலரும் எண்ணி வந்தனர்.

நம் வீடுகளில் இப்பெயரைப் பெருமையோடு சொல்வோரும் உண்டு. சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்வோரும் உண்டு. திரைப்படம் முஸ்லிம் பெண்ணுக்கு ஏற்ற துறைதானா என்னும் வினாவைத் தீர்க்க நாம் இங்கு முற்படவில்லை. அத்துறையில் நின்ற ஒரு பெண்மணி எதை விட்டுக்கொடுக்க மறுத்தார், அந்த மறுப்பு அவருடைய நடிப்பில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதே நாம் ஆராய விரும்புவது.

அவர் தக்கனி முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை முகம்மது அப்துர் ரஹ்மான் அரசு அதிகாரி. மகள்கள் பரதநாட்டியம் பயில்வதை உறவினர் குறை கூறியபோது, இழிவு கலையில் இல்லை, மனிதரின் நடத்தையில்தான் இருக்கிறது என்று அவர் உறுதியாக நின்றார். மறுபுறம், முஸ்லிம் சிறுமிக்குக் கற்பிக்கத் தயங்கிய நாட்டிய ஆசான் ஜாதகம் கேட்டார் என்றும், இல்லையென்றதும் தாமே கணித்துப் பார்த்து மாணவியாக ஏற்றார் என்றும் வஹீதாவே கூறியிருக்கிறார். இரு பக்கத் தயக்கங்களையும் தாண்டி வளர்ந்தது அக்கலை.

தந்தை மறைந்த பின் குடும்ப நிலை மாறியது. 1955இல் 'ரோஜுலு மாராயி' என்னும் தெலுங்குப் படத்தில் ஆடிய ஒரு நடனம் அவரை ஆந்திரம் முழுவதும் அறியச் செய்தது. 1956இல் தமிழில் 'காலம் மாறிப்போச்சு' படத்திலும், முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்திலும் ஆடினார். அந்நாளில் தமிழ்த்திரை அவரிடம் கேட்டது நடனம் ஒன்றே.

குரு தத்தின் அழைப்பில் பம்பாய் சென்றபோது, முதல் ஒப்பந்தத்திலேயே பெயரை மாற்றும்படி கூறப்பட்டது. யூசுப் கான் திலீப் குமாராகவும், மும்தாஜ் ஜஹான் மதுபாலாவாகவும் மாறிய காலம் அது. பெற்றோர் இட்ட பெயரை மாற்ற இயலாதென மறுத்தார் அந்த இளம்பெண். தமக்கு ஒவ்வாத உடையை அணியமாட்டேன் என்னும் நிபந்தனையையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் செய்தார். 1956இல் 'சி.ஐ.டி.' வெளிவந்தபோது திரையில் வஹீதா ரஹ்மான் என்றே எழுத்துகள் தோன்றின.

இந்த உறுதியை அவருடைய நடிப்பிலும் காணலாம். 1960இல் வந்த 'சௌத்வீன் கா சாந்த்' லக்னோ முஸ்லிம் வாழ்வைக் காட்டும் படம். பர்தாவினால் நேரும் ஆள்மாறாட்டமே கதை. நண்பன் காதலித்த பெண்ணையே தான் மணந்துவிட்டதை அறிந்த கணவன், அவள் தன்னை வெறுத்து விலகட்டும் என்று தீயவன்போல் நடிக்கிறான். நட்பின் தியாகம் என்று படம் இதைப் போற்றுகிறது. நாம் கேட்கிறோம்: அப்பெண்ணின் சம்மதம் எங்கே? நிக்காஹ்வுக்கே பெண்ணின் சம்மதம் கேட்கும் மார்க்கத்தைச் சேர்ந்தோரின் கதையில், இரு ஆண்கள் அவளைப் பொருளென ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க முனைவது எவ்வகை நாகரிகம்? கதை கேட்காத இக்கேள்வியை வஹீதாவின் முகம் கேட்கிறது. அவர் அலறுவதில்லை, புரியாமையும் மனக்காயமும் கலந்த பார்வையோடு நிற்கிறார். படத்தின் மனச்சாட்சி அந்தப் பார்வையே.

ஆர்.கே. நாராயணின் நாவலிலிருந்து உருவான 'கைடு' (1965) படத்தின் ரோஸி, கணவனை விட்டு விலகித் தன் நடனத்தை மீட்டுக்கொள்பவள். பாம்பாட்டிகளிடையே அவள் ஆடும் காட்சியில், அடக்கிவைத்த ஆண்டுகளெல்லாம் ஒரே வேளையில் வெடித்தெழுகின்றன. ஆனால் பிற்பகுதியில் கதை முழுதும் நாயகனின் ஆன்மிகத்தை நோக்கித் திரும்பிவிட, ரோஸி ஓரத்துக்குத் தள்ளப்படுகிறாள். இது படத்தின் குறை, நடிகையின் குறையன்று.

அவருடைய நடிப்பின் சிகரம் 'காமோஷி' (1969) என்போம். மனநோயாளியைக் குணப்படுத்துவதற்காக அன்புகொண்டவள்போல் நடிக்கும்படி ஒரு செவிலிக்கு மருத்துவர் கட்டளையிடுகிறார். அவளோ உண்மையாகவே அன்புகொண்டு இறுதியில் சிந்தை கலங்குகிறாள். ஒரு பெண்ணின் உள்ளத்தை மருந்துக் குப்பிபோல் பயன்படுத்திய கொடுமையை, உரத்த சொல்லின்றி வஹீதா நமக்கு உணர்த்துகிறார். உடலின் ஒவ்வோர் அசைவையும் ஆளக் கற்ற நடனமணிக்கே அந்த அசையாமை கைகூடும்.

அவர் நடித்தவை எல்லாம் உயர்ந்த படங்கள் என நாம் சொல்லவில்லை. மிகை உணர்ச்சியில் மூழ்கிய படங்களும் உண்டு; பரிசு பெற்றுத் தந்த 'நீல் கமல்' (1968) அத்தகையதே. ஆயினும், தேசிய விருது பெற்றுத் தந்த 'ரேஷ்மா அவுர் ஷேரா' (1971), பத்மஸ்ரீ (1972), பத்மபூஷண் (2011), 2023இல் அறிவிக்கப்பட்ட தாதா சாகேப் பால்கே விருது ஆகியவை தகுதிக்குக் கிடைத்த மதிப்பே என்பதில் ஐயமில்லை.

2018இல் 'விஸ்வரூபம் 2' படத்தில், நினைவு மங்கி மகனையே அடையாளம் காணாத தாயாக அவரைத் தமிழில் மீண்டும் கண்டோம். தாய் மறந்தது கதையில். பிறந்த மண்ணோ உண்மையிலேயே மகளை மறந்திருக்கிறது. அவர் தம் பெயரைக் காத்துக்கொண்டார். அப்பெயரோடு செங்கற்பட்டையும் சேர்த்துச் சொல்லி, அவருடைய படங்களை நம் பிள்ளைகளுடன் அமர்ந்து பார்த்து, நன்மை தீமைகளைப் பேசிப் பழகுவது நம் கடமை. பெயரை மாற்றிக்கொள்ளாமலேயே புகழ்பெற முடியும் என்பதை நம் பெண்மக்கள் அவரிடமிருந்து அறிந்துகொள்ளட்டும்.