நாவில் ஏறிய இறையியல்

கொங்கு நாட்டுக் கொடுமுடியில் சுந்தரர் பாடிய நமச்சிவாயப் பதிகத்தின் உட்கருத்து ஒன்றே: பக்தனின் நினைவு தவறினாலும், நாவுக்குப் பழகிய இறைநாமம் தவறாது. மனித முயற்சிக்கு முன்பே அருள் நிற்கிறது என்ற கனமான கோட்பாட்டைக் காவிரிக்கரையில் யாரும் பாடக்கூடியதாக அது ஆக்கிவிட்டது. அதே ஊரில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் நாடக மேடையிலும் திரையிலும் பக்தியை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தார். சமயம் பாட்டின் வழியே வளர்வதை இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழ்க் கிறிஸ்தவர்களும் அப்படித்தான் வளர்ந்தார்கள். ஞாயிறு கேட்ட பிரசங்கம் வாரக் கடைசிக்குள் மறந்துபோகும். பாட்டு சாவு வீட்டிலும் மருத்துவமனை வராந்தாவிலும் தானாக வாயில் வரும். ஆனாலும் ஒரு பாட்டு கடவுளைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்கும் பழக்கம் நம் சபைகளில் குறைவு. ராகம் பிடித்திருக்கிறதா, கூட்டம் சேர்ந்து பாடுகிறதா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்ட ஒருவர் கொங்கு நாட்டிலேயே பணியாற்றியிருக்கிறார். லண்டன் மிஷனரி சங்கத்தின் அடிஸ் 1830இல் கோயம்புத்தூரில் தொடங்கிய பணி வளர்ந்து, 1950இல் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்த் திருமண்டலம் உருவானபோது அதன் முதல் பேராயராக வந்தவர் ஏ. ஜே. அப்பாசாமி. பாளையங்கோட்டையில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் யோவான் நற்செய்தியையும் பக்தி இலக்கியத்தையும் ஒப்பிட்டு ஆய்ந்தவர். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் நூலை 1927இல் வெளியிட்டார். 1930இல் இந்து பக்திப் பாடல்களைத் தொகுத்துக் கிறிஸ்தவர்கள் கையில் கொடுத்தார். எதையும் அளந்து பார்க்க அவர் வைத்திருந்த பிரமாணங்கள் நான்கு: சுருதி, யுக்தி, அனுபவம், சபை. வேதம் சொல்வதோடு ஒத்துப்போகிறதா, அறிவுக்குப் பொருந்துகிறதா, வாழ்ந்து பார்த்த உண்மையா, சபை கூடி ஏற்றதா? பாட்டையும் கதையையும் எடைபோட இதைவிட நல்ல துலாக்கோல் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் துலாக்கோலில் முதலில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை வைத்துப் பார்க்கலாம். 1774இல் பிறந்து, மிஷனரி சுவார்ட்சிடம் கற்றவர். பெத்லகேம் குறவஞ்சி எழுதியவர். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் கொங்குச் சபைகள் வரை ஒலிக்கின்றன. ஐரோப்பிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகள் மட்டுமே ஆலயத்துக்குரியவை என்ற நிலை வந்தபோது, தமிழிசைக்கு இடம் கேட்டு வாதாடினார். 1820களின் இறுதியில் புதிய மிஷனரிகள் செய்ததாக அவர் அடுக்கிய கொடுமைகளில் தமிழ்ப் பாட்டைத் தடுத்தது ஒன்று. ஆலயத்தில் சாதிகளைக் கலந்து உட்காரவைத்தது இன்னொன்று. முதல் வழக்கில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. வரலாறும் அதை ஒப்புக்கொண்டது. இரண்டாவதில் அவர் தவறினார். சிலுவையின் முன் எல்லாரும் பாவிகள் என்று உருகிப் பாடிய நாவு, பக்கத்தில் யார் உட்காருவது என்ற கேள்வியில் பின்வாங்கியது. நூற்றாண்டு விழாக்களில் முதல் வழக்கை மட்டும் பேசுவது நேர்மையாகாது. பாட்டின் வரிகளில் பிழை இல்லாதபோதும் பாடும் கூட்டத்தின் அமைப்பில் பிழை இருக்கலாம். 'சபை' என்ற பிரமாணம் அங்கேதான் வேலை செய்ய வேண்டும்.

காப்பியங்களின் கதை வேறு. வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) சூசையப்பரைத் தலைவராகக் கொண்டது. நற்செய்தி நூல்கள் அவரைப் பற்றிச் சொல்வது சில வசனங்களே. எஞ்சியதை ஸ்பெயின் நாட்டுக் கன்னியர் ஒருவரின் காட்சி நூலும் கவிஞரின் கற்பனையும் நிரப்பின. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) ஜான் பன்யனின் கதையைக் கம்பன் வழியில் வந்த விருத்தங்களில் சொல்கிறது. வைணவராகப் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். பன்யனின் பயணி பாரம் சுமந்து நடக்கும் தனியாள். கிருஷ்ணபிள்ளையிடம் அந்தத் தனிமை ஆழ்வார்களிடம் கற்ற நெகிழ்ச்சியில் கரைந்து, ஆண்டவனிடம் அடைக்கலம் புகும் குரலாகிறது. இந்தக் கவிஞரைப் பற்றித் தனி நூலே எழுதினார் அப்பாசாமி. உருக்கத்தில் மயங்கி அவர் எல்லாவற்றையும் ஏற்றவரல்லர். இறைவனோடு ஒன்றாதல் என்பதை அன்பிலும் சித்தத்திலும் ஒன்றாதலாகவே கொண்டார். தன்னை இழந்து கரைவதாகக் கொள்ளவில்லை. பக்தியின் சூட்டை எடுத்துக்கொண்டே அதன் பொருளைச் சலித்துப் பார்த்த அந்தத் துணிவு நமக்கு இன்று தேவை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் வேறொரு புரட்சி நடந்தது. 'பரட்டை அண்ணன்' என்று மாணவர்கள் அன்போடு அழைத்த தியோபிலஸ் அப்பாவு, கர்நாடக இசைக் கீர்த்தனையே மேல்சாதிப் பண்பாட்டின் குரல் என்று விமர்சித்தார். கிராமிய மெட்டில் முழு வழிபாட்டையும் அமைத்தார். ஒரே உலையில் சமைத்து ஒன்றாக உண்பது அவருடைய இறையியலின் மையம். திருவிருந்தின் பொருளே அதுதான் என்றார். சாஸ்திரியார் தவறிய இடத்துக்கு இது நேரான பதில். ஆனால் நம் சபைகள் சாஸ்திரியாரை ஏந்திய அளவுக்கு அப்பாவுவை ஏந்தவில்லை. அது எனக்கு வருத்தம்.

பிறகு கேசட் வந்தது. சகோதரி சாரா நவரோஜியின் குரலும், தந்தை பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்களும் வேத வசனங்களை எழுத்தறியாதவர்களின் நாவிலும் ஏற்றின. அந்தத் தொண்டைக் குறைத்துப் பேச மனமில்லை. இவர்களுக்குப் பின் பெருகிய துதிப்பாடல்களின் பொதுப் போக்குதான் கவலை தருகிறது. 'நாம்' குறைந்து 'நான்' பெருகிவிட்டது. ஆசீர்வாதம், உயர்வு, எதிரிகள் முன் வெற்றி என்பவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. வேதத்தின் சங்கீதங்கள் 150இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது. அப்படி ஒரு பாட்டை இன்றைய ஆராதனையில் பாட இடமிருக்கிறதா? கடன் தீராத தறிக்காரரும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அந்தத் துதி நேரத்தில் வாய் திறக்க என்ன இருக்கிறது? இந்தப் பாட்டுகள் சுருதியிலிருந்து வசனங்களை எடுக்கின்றன; சுருதியின் பாதியை விட்டுவிடுகின்றன. அனுபவம் என்று இவை சொல்வதும் ஜெயித்தவர்களின் அனுபவமே.

விடுபட்ட பாதியைக் கதைகள் எழுதின. ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு (1964) குமரி மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பத்தின் கதை. பனையேறியின் மகன் தங்கராஜை லிஸி விரும்பும்போது குறுக்கே நிற்பது குடும்ப மானம். இரு வீட்டாரும் வணங்கும் கடவுள் ஒருவரே என்பது அந்த மானத்தை எளிதில் அசைக்கவில்லை. பாமாவின் கருக்கு (1992) கன்னியர் மடத்துக்குள்ளேயே சாதியைக் கண்டு வெளியேறிய பெண்ணின் சாட்சி. இமையத்தின் கோவேறு கழுதைகளில் (1994) தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் ஜெபிப்பவள், கூலிக்காக வாசல் வாசலாக நிற்பவள். இவற்றை 'பக்தி நூல்கள்' வரிசையில் எந்த ஆலயப் புத்தகக் கடையும் அடுக்காது. ஆனால் நான்கு பிரமாணங்களையும் வைத்துப் பார்த்தால், மகிமையை மட்டும் பாடும் தொகுப்புகளைவிட இவை நற்செய்திக்கு அருகில் நிற்கின்றன. இவற்றில் துன்பப்படுகிறவர்களுக்குப் பெயரும் ஊரும் உண்டு.

கொங்குக் கிறிஸ்தவ வாழ்வு இப்படி ஒரு கதைக்கு இன்னும் காத்திருக்கிறது. சாயப்பட்டறையும் விசைத்தறியும் மஞ்சள் மண்டியும் சூழ்ந்த ஊர்களில், சாதிக்கொரு தெருவில் பிரிந்து வாழ்ந்துகொண்டே ஒரே பாட்டுப் புத்தகத்தைத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அதை எழுதட்டும். அதுவரை, ஒவ்வொரு புதுப் பாட்டையும் கற்றுத்தருமுன் பாடகர் குழு ஒருமுறை கூடி உட்கார்ந்து, இசையை நிறுத்திவிட்டு வரிகளை மட்டும் வாசித்துப் பார்க்கலாம்.